ஸ்னோமொபைல் செயின்கேஸ் ஆயில்ல மினுமினுப்பு, வலது பக்கம் சத்தம்: எதையெல்லாம் திறந்து பார்க்கணும்?

செந்தில் (தண்டர் பே)

வணக்கம். கனடாவுல தண்டர் பேயில இருக்கேன், சொந்த ஊர் நாமக்கல். அப்பா லாரி பட்டறை வச்சிருந்தவர், அதனால ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஸ்னோமொபைல் (முன்னாடி ஸ்கீ, பின்னாடி ட்ராக்குங்கற ரப்பர் பட்டை வச்சு பனி மேல ஓடற வண்டி) மட்டும்தான் புதுசு. போன டிசம்பர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 2008 மாடல், ஃபேன் கூலிங் 550, டூ ஸ்ட்ரோக், மீட்டர்ல 7,400 கி.மீ. காட்டுது. உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிக்கப் போவேன், பின்னாடி சாமான் வைக்க ஒரு சின்ன ஸ்லெட்ஜ் இழுப்பேன், அவ்வளவுதான் ஓட்டம்.

ஒரு மாசமா 40 கி.மீ. வேகத்துக்கு மேல போனா வலது கால் வைக்கிற பக்கத்துல உறுமுற மாதிரி சத்தம் வருது. வேகம் ஏற ஏற சத்தமும் ஏறுது. த்ராட்டிலை விட்டாலும் போகல, வண்டி நின்னாத்தான் நிக்குது. நேத்து செயின்கேஸ் (ட்ராக்கை ஓட்டற செயின் ஆயிலோட இருக்கற பெட்டி) டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கற கம்பியை, உருவிப் பார்த்தேன். நுனிக் காந்தத்துல சாம்பல் நிறக் களிம்பு, வெளிச்சத்துல மினுமினுங்குது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கு. டனலோட (சீட்டுக்குக் கீழ ட்ராக்கை மூடியிருக்கற தகடுக் கூடு) வலது உள்பக்கம் லேசா ஆயில் கசிஞ்ச தடமும் இருக்கு.

வித்தவரைக் கேட்டா, "அது மூடின கேஸ், நான் ஒரு தடவையும் மாத்தினதில்ல, தொடாம இருந்தாலே ஓடும்"னு சொல்றார். பக்கத்து ஒர்க்‌ஷாப்ல மே மாசம் வரைக்கும் இடமில்லையாம். ஏரி ஐஸ் இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்னு நினைக்கிறேன். அதுவரைக்கும் ஓட்டலாமா? நானே திறக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சட்பரி மில்ரைட்

தம்பி செந்தில், மெசினை இப்பவே நிப்பாட்டுங்கோ. ரெண்டு கிழமை மீன்பிடிக்காக ஏரி நடுவிலை நிண்டுபோனால் பிறகு நடந்துதான் வரவேணும். பால் நிறம் எண்டால் ஒயிலுக்குள்ளை தண்ணி போயிருக்கு, அதிலை ஐமிச்சமே இல்லை. வித்தவர் சொன்னதைக் காதிலை போடாதையுங்கோ. மூடின கேஸ் எண்டாலும் அது மூச்சு விடும். ஓடேக்கை சூடாகி, மைனஸ் 30இலை நிண்டு குளிரேக்கை உள்ளுக்குக் காத்து இழுக்கும். அந்தக் காத்திலை இருக்கிற ஈரம் கேஸுக்குள்ளை தண்ணியா இறங்கும். வருசம் வருசமா ஒயில் மாத்தாட்டி அது சேர்ந்துகொண்டே போகும்.

நான் சட்பரியிலை ஒரு நிக்கல் சுரங்கத்திலை மில்ரைட், மெசின் பூட்டிப் பழுதுபாக்கிற ஆள். கொன்வேயர், பம்ப், சாஃப்ட், பேரிங் இதுகள்தான் என்ரை சாப்பாடு. ஸ்னோமொபைலையும் அதே கண்ணாலைதான் பாக்கிறனான். பாதை சுருக்கமா இதுதான். எஞ்சின் கிளட்ச்சிலை இருந்து பெல்ட் ரெண்டாவது கிளட்ச்சைச் சுத்தும். அந்தக் கிளட்ச் இருக்கிற மேல் சாஃப்டை ஜாக்சாஃப்ட் எண்டு சொல்லுறது. அது குறுக்காலை வலப்பக்கம் போய் செயின்கேஸுக்குள்ளை மேல் ஸ்ப்ரொக்கெட்டை, அதாவது செயின் ஓடுற பல்லுச் சில்லை, சுத்துது. அதிலை இருந்து அகலச் செயின் கீழ் ஸ்ப்ரொக்கெட்டுக்கு. கீழை இருக்கிறது டிரைவ் சாஃப்ட், அதின்ரை பல்லுச் சில்லுகள்தான் ட்ராக்கை இழுக்குது. ரெண்டு சாஃப்டுக்கும் சேர்த்து நாலு முனை, நாலு முனையிலும் பேரிங். வலப்பக்கத்து ரெண்டுக்கும் பெரும்பாலும் செயின்கேஸ் ஒயில் கிடைக்கும். இடப்பக்கத்து ரெண்டும் பாவம், உள்ளுக்கு அடைச்சு வந்த கிறீஸை மட்டும் நம்பி இருக்குதுகள். அதிலும் கீழ் இடது பேரிங் டனலுக்குப் பக்கத்திலை, ஸ்லஷ் எண்டு சொல்லுற பனிச்சேறும் உருகின பனியும் நேரா அடிக்கிற இடத்திலை இருக்கு. செயின்கேஸ் ஒயிலை ஒழுங்கா மாத்திற ஆக்கள் கூட அந்தப் பேரிங்கைத் திரும்பிப் பாக்கிறேல்லை. நடுக்காட்டிலை மெசினை நிப்பாட்டுறது கனதரம் அதுதான்.

உங்கடை சத்தம் த்ராட்டிலை விட்டாலும் போகேல்லை எண்டால் அது எஞ்சின் இல்லை, ட்ராக்கோடை சேர்ந்து சுத்துற சாமான். வலப்பக்கம் கேக்குது எண்டதை முழுசா நம்பாதையுங்கோ. டனல் அலுமினியத் தகடு, ஒரு பக்கத்துச் சத்தத்தை மற்றப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதாலை செயின்கேஸைத் திறக்க முதல் இதைச் செய்யுங்கோ.

திறப்பை (சாவியை) எடுத்துப்போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டிலை வையுங்கோ. டிரைவ் பெல்ட்டைக் கழட்டுங்கோ. இப்ப கையாலை ட்ராக்கைச் சுத்தலாம். முதல்லை சஸ்பென்சனிலை இருக்கிற சின்னச் சில்லுகளை ஒவ்வொண்டா விரலாலை சுத்திப் பாருங்கோ, அதுகளின்ரை பேரிங்கும் இதே மாதிரிச் சத்தம் போடும், மலிவான சாமான். பிறகு ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவரின்ரை நுனியை இடப்பக்கத்துப் பேரிங் கூட்டிலை வைச்சு, பிடியைக் காதோடை சேர்த்துக்கொண்டு, மற்ற ஆளை ட்ராக்கை மெதுவாச் சுத்தச் சொல்லுங்கோ. நல்ல பேரிங் எண்டால் மெல்லிசா ஒரு சீரான சத்தம்தான் வரும். பழுது எண்டால் மணலை மிதிக்கிற சத்தம் வரும். பிறகு டிரைவ் சாஃப்டுக்குக் கீழை ஒரு சின்னக் கம்பியைக் குடுத்து மேலை நெம்பிப் பாருங்கோ. கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு ஆடினாலே அந்தப் பேரிங் முடிஞ்சுது. மேல் சாஃப்டுக்கும் இதேதான், ரெண்டாவது கிளட்ச்சைப் பிடிச்சு மேலுங்கீழுமா ஆட்டிப் பாக்கலாம்.

இன்னொண்டு. பின்பக்கத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு எஞ்சினாலை ட்ராக்கைச் சுத்தவே வேண்டாம். ஐஸ் கட்டி, ட்ராக்கிலை பூட்டின ஸ்டட் ஆணி, கல்லு எது பறந்தாலும் பின்னாலை நிக்கிற ஆளுக்குத்தான்.

இனி செயின்கேஸ். உங்கடை மெசின் எந்தக் கொம்பனி எண்டு எழுதேல்லை, அதாலை பொதுவாச் சொல்லுறன். சிலதிலை அடியிலை ஒயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட் இருக்கும். சில மொடலிலை இல்லவே இல்லை, மூடியைக் கழட்டினால்தான் ஒயில் வெளியிலை வரும். அப்பிடியெண்டால் கீழ்த்தட்டிலை நிறையத் துணி அடைச்சுப்போட்டுக் கழட்டுங்கோ. வாற ஒயிலை ஒரு கோப்பி ஃபில்டருக்குள்ளாலை வடியுங்கோ. இதை நான் வற்புறுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. காந்தம் இரும்பை மட்டும்தான் பிடிக்கும், பேரிங் பந்துகளைப் பிடிச்சிருக்கிற பித்தளைக் கூட்டின்ரை துண்டு இருந்தால் ஒயிலோடை போயிடும்.

காந்தத்திலை இருக்கிற களிம்பை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலை வைச்சுத் தேயுங்கோ. மெழுகு மாதிரி வழுக்கினால் பயப்பட ஒண்டுமில்லை, செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் தேய்ஞ்ச தூள்தான், மினுமினுப்பும் அதாலைதான். நறநறத்தால், அல்லது நகத்திலை தட்டுப்படுற செதில் இருந்தால், பேரிங்கின்ரை ஓடுபாதை உரிஞ்சு வருகுது எண்டு அர்த்தம். ஊசி மாதிரி, பிறை மாதிரித் துண்டு வந்தால் செயின்.

செயினைத் துடைச்சுப்போட்டு வெளிச்சத்திலை பாருங்கோ. தட்டுத்தட்டா அடுக்கின செயின் அது. தட்டுகளுக்கு நடுவிலை சிவப்புத் தூள் தெரிஞ்சால் தண்ணி வேலை காட்டியிருக்கு, அந்த இடத்துக் கண்ணிகள் மடங்காமல் விறைச்சு நிக்கும். கண்ணிகளைக் கோக்கிற பின்னின்ரை தலை ஒண்டு மற்றதைவிட வெளியிலை நீட்டிக்கொண்டு இருந்தாலும் செயினை மாத்தத்தான் வேணும். ஸ்ப்ரொக்கெட் பல்லு ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தால் புதுச் செயினைப் பழைய பல்லிலை போடாதையுங்கோ, கெதியாத் தின்னும்.

இறுக்கம் பாக்கிறது கொம்பனிக்குக் கொம்பனி வேறை. போலாரிஸ் எண்டால் ரெண்டாவது கிளட்ச்சைத் திருப்பி செயின் தொய்வை ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து, அட்ஜஸ்டர் போல்ட்டை விரலாலை இறுக்கி, கால் சுத்து திருப்பி விட்டு லொக் நட்டை இறுக்கிறது. பழைய ஸ்கிடூவிலை கையாலை முழுசா இறுக்கிப்போட்டு, ஹேர்பின் துவாரத்துக்குள்ளை போற அளவுக்கு மட்டும் திருப்பி விடுறது. சில மொடலிலை ஸ்பிரிங் தன்பாட்டிலை இழுத்துப் பிடிச்சிருக்கும். ஸ்பனர் போட்டு இறுக்கின செயினாலை நல்ல பேரிங்கும் பழுதாப்போகும், கனபேர் இதைத்தான் செய்யினம். அட்ஜஸ்டர் முழுக்க உள்ளுக்குப் போயும் தொய்வு இருந்தால் செயின் நீண்டு முடிஞ்சுது.

ஒயில் அளவு பெரும்பாலான மெசினுக்கு 250 இலிருந்து 350 மில்லிலீற்றருக்குள்ளைதான். கூட ஊத்தினால் நல்லது எண்டு நினைக்காதையுங்கோ, சூடாகி, கசியாமல் தடுக்கிற றப்பர் சீலாலை தள்ளும். கையேட்டிலை சொன்ன ஒயிலையே ஊத்துங்கோ. கடுங்குளிரிலையும் ஓடக்கூடிய, செயின் அழுத்தத்தைத் தாங்கிற ஒயில் அது. எஞ்சின் ஒயில் இந்த வேலைக்கு இல்லை.

முக்கியமா, இதையெல்லாம் சீசன் முடிஞ்ச கையோடை, இப்பவே செய்யுங்கோ. கனபேர் டிசம்பரிலைதான் ஒயில் மாத்துறவை. அதுக்குள்ளை அந்தத் தண்ணி ஏழெட்டு மாசம் செயினிலையும் பேரிங்கிலையும் இருந்து கறள் பிடிச்சிடும். பேரிங் பந்து அசையாமல் ஒரே இடத்திலை நிக்க, அந்த இடத்திலை ஒரு புள்ளிக் கறள். குளிர் தொடங்கி ஓடேக்கை அந்தப் புள்ளியிலை இருந்துதான் உரியத் தொடங்கும். சுரங்கத்திலை உதிரியா வைச்ச பம்புகளைக் கூட ஒவ்வொரு கிழமையும் கையாலை கொஞ்சம் சுத்தி விடுறது இதுக்காகத்தான்.

மாலதி (ஃபின்மார்க், நோர்வே)

அண்ணை எழுதினதுக்கு மேலாலை ஒரு விசயம் சொல்லவேணும். நாங்கள் இங்கை வடக்கு நோர்வேயிலை, போட்ஸ்ஃபியோர் பக்கம். மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ் ஆக்கள் இங்கை கனபேர் இருக்கினம். ஸ்னோ ஸ்கூட்டர் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை, மலைக்கு அங்காலை இருக்கிற குடிலுக்கு விறகு, சாப்பாடு எல்லாம் ஸ்லெட்ஜிலை கட்டி இழுக்கிறது.

செந்தில் தம்பி, உங்கடை மெசினிலை பிரேக் டிஸ்க் எந்தச் சாஃப்டிலை இருக்குதெண்டு முதல் பாருங்கோ. பழைய மொடல் கனக்கத்திலை அது மேல் சாஃப்டிலை இருக்கும். அப்பிடியெண்டால் செயின் அறுந்தால் இழுவை மட்டும் போகாது, பிரேக்கும் போகும். டிஸ்க்கைப் பிடிச்சாலும் ட்ராக்குக்கும் அதுக்கும் தொடர்பே இல்லை. சமதரை ஏரியிலை பரவாயில்லை. சாமான் கட்டின ஸ்லெட்ஜோடை பள்ளத்திலை இறங்கேக்கை அது நடந்தால் ஸ்லெட்ஜ் பின்னாலை இருந்து தள்ளும். என்ரை மனுசனுக்கு நான் ஒவ்வொரு வருசமும் சொல்லுறது இதைத்தான்: ஒயில் மாத்த நேரமில்லையெண்டால் ஸ்லெட்ஜ் கட்டாதையுங்கோ. டிஸ்க் கீழ் சாஃப்டிலை இருக்கிற மெசினிலை இந்தப் பயம் இல்லை.

மற்றது, பிரஷர் வாஷர். ட்ரெயிலரிலை ரோட்டு உப்பு பட்டு வந்த மெசினைக் கழுவத்தான் வேணும். ஆனால் பேரிங் இருக்கிற இடத்துக்கு நேரா அடிச்சால் றப்பர் சீலுக்குள்ளாலை தண்ணியை நாங்களே ஏத்துற மாதிரி. வாளித் தண்ணியும் பிரஷும் காணும்.

செந்தில் (தண்டர் பே)

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை முழுக்க கராஜ்லதான் இருந்தேன். பார்த்ததை எழுதறேன்.

சஸ்பென்ஷன் சில்லுகள்ல ஒண்ணு மட்டும் கரடுமுரடா சுத்துது. ஸ்க்ரூடிரைவர் வச்சுக் கேட்டேன். நீங்க சொன்ன மணல் சத்தம் கீழ் இடது பேரிங்லதான், அண்ணா. கம்பி வச்சு நெம்பினா சாஃப்ட் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மேல வருது. சீல் ஓரத்துல துருத் தண்ணி காஞ்ச கோடு இருக்கு. மேல் சாஃப்ட் ரெண்டு பக்கமும் ஆடல, சத்தமும் இல்ல.

செயின்கேஸ்ல ட்ரெயின் போல்ட் இருந்துச்சு. முதல்ல கொஞ்சம் தண்ணிதான் தனியா வந்துச்சு, அப்புறம்தான் ஆயில். காபி ஃபில்டர்ல செதில் எதுவும் இல்ல, களிம்பு விரல்ல வழவழன்னுதான் இருக்கு. செயின்ல ஒரு இடத்துல மூணு நாலு கண்ணி விறைப்பா நிக்குது, நடுவுல சிவப்புத் தூள். பல்லு ஓகே. பிரேக் டிஸ்க் மேல் சாஃப்ட்லதான் இருக்கு, அக்கா. அதைப் பார்த்ததும் செயினை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பழசை எடுத்துக்கிட்டுப் போய் அகலமும் கண்ணி எண்ணிக்கையும் ஒத்துப் பார்த்து ஆர்டர் குடுத்தாச்சு.

இப்ப ரெண்டு கேள்வி. இடது பேரிங்கை மட்டும் வெளியில இருந்தே உருவ முடியுமா, இல்ல ட்ராக்கையும் சாஃப்டையும் இறக்கணுமா? பேரிங்குக்கு வெளியில ஒரு வளையம் இருக்கு, அதுல சின்ன ஆலன் ஸ்க்ரூ. அது என்ன?

சட்பரி மில்ரைட்

நல்ல வடிவாப் பாத்திருக்கிறியள் தம்பி. எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம்.

அந்த வளையம் எக்சென்ட்ரிக் கொலர். அது ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கும், திருப்பினால் பேரிங்கின்ரை உள்வளையத்தைச் சாஃப்டோடை கவ்விப் பிடிக்கும். ஆலன் ஸ்க்ரூவைத் தளர்த்திப்போட்டு, சாஃப்ட் முன்னுக்கு ஓடேக்கை எந்தப் பக்கம் சுத்துமோ அதுக்கு எதிர்ப்பக்கமா ஒரு பஞ்ச் வைச்சுத் தட்டினால் கழரும். பூட்டேக்கை சுத்துற பக்கமாத் தட்டி இறுக்கவேணும். மாறிப் பூட்டினால் ஓடஓட அது தானாக் கழண்டுபோகும்.

வெளியிலை இருந்தே உருவலாமா எண்டால், கொலர் போட்ட மெசின் கனக்கத்திலை முடியும். பின் அச்சின்ரை அட்ஜஸ்டரைத் தளர்த்தி ட்ராக் இழுவையை எடுத்துப்போட்டு, ஸ்பீடோமீட்டர் பாகத்தையும் பேரிங் கூட்டின்ரை போல்ட்டுகளையும் கழட்டி, புல்லர் போட்டு இழுக்கலாம். ஆனால் உங்களுக்கு வலப்பக்கம் ஒயில் கசிவும் இருக்கு. அந்தக் கீழ்ச் சீலை மாத்துறதெண்டால் சாஃப்டை அசைக்காமல் ஏலாது. எப்பிடியும் செயின் வெளியிலை வந்திட்டுது. நான் உங்கடை இடத்திலை இருந்தால் சஸ்பென்சனை இறக்கி, சாஃப்டை வெளியிலை எடுத்து, சீலும் கீழ் ரெண்டு பேரிங்கும் ஒரேயடியாப் போடுவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அதுக்குப் பெறுமதி இருக்கு.

சாஃப்டை எடுத்த உடனை பேரிங் இருந்த இடத்தைத் துணியாலை துடைச்சுப்போட்டு விரல் நகத்தை நெடுக்காலை ஓட்டிப் பாருங்கோ. இதுதான் முழு வேலையிலும் முக்கியமான நிமிசம். நகம் எங்கையாவது பள்ளத்திலை விழுந்தால், உள்வளையம் சாஃப்டிலை நிக்காமல் வழுக்கிச் சுத்தியிருக்கு. அந்தச் சாஃப்டிலை எந்தப் புதுப் பேரிங்கைப் போட்டாலும் அடுத்த குளிருக்குள்ளை இதே சத்தம் வரும். மைக்ரோமீற்றர் இருந்தால் தேயாத இடத்தையும் தேய்ஞ்ச இடத்தையும் அளந்து பாருங்கோ. நிறம் மாறி நீலமாவோ கபிலமாவோ இருந்தாலும் சூடேறி வழுக்கினதின்ரை அடையாளம்தான். அப்பிடியெண்டால் பழைய சாமான் விக்கிற இடத்திலை ஒரு சாஃப்ட் தேடுங்கோ. எமரித் தாள் போட்டுத் தேய்ச்சு மினுக்கிப் பிரயோசனமில்லை.

பேரிங் வாங்கேக்கை பழசின்ரை விளிம்பிலை இருக்கிற இலக்கத்தை முழுசா எழுதி எடுங்கோ. இந்த மெசின்களிலை 6205 கன இடத்திலை வரும், உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். ஆனால் கொலர் போடுற பேரிங்கின்ரை உள்வளையம் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும், அது வேறை இலக்கம். இலக்கத்துக்குப் பிறகு வாற எழுத்துகளையும் விடாதையுங்கோ. ரெண்டு பக்கமும் றப்பர் சீலா, இரும்பு மூடியா, உள் இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடின சி3யா எண்டதெல்லாம் அதிலைதான் இருக்கு. இலக்கத்தைக் கொண்டுபோய் தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விக்கிற கடையிலை கேட்டால் நல்ல தயாரிப்பு கிடைக்கும்.

இடப்பக்கத்துப் புதுப் பேரிங்கைப் பூட்ட முதல் நான் செய்யிற ஒரு வேலை. ஒரு பக்கத்து றப்பர் சீலை மெல்லிய கொக்கியாலை உள்விளிம்பிலை பிடிச்சு எடுப்பன். கொம்பனி கிறீஸ் உள்ளுக்கு மூண்டிலை ஒரு பங்குதான் இருக்கும். தண்ணிக்கு நிண்டுபிடிக்கிற, குளிரிலை கட்டியாகாத கிறீஸ் போடவேணும். ரெண்டு வகைக் கிறீஸ் ஒண்டோடை ஒண்டு சேராமல் நீத்துப்போகக்கூடும், அதாலை பழசைக் கழுவி முழுசாக் காயவிட்டுத்தான் புதுசை அடைக்கிறது. பிறகு சீலை விரலாலை அமத்தினால் திருப்பி இருக்கும். வேகமாச் சுத்துற மேல் சாஃப்டுக்கு நிறைய அடைக்க வேண்டாம், சூடேறும்.

வலப்பக்கத்துப் பேரிங்கைச் சுத்தியலாலை அடிச்சு ஏத்தவேண்டாம். சாஃப்டை இரவு வெளியிலை பனிக்குள்ளை விடுங்கோ, தண்டர் பேயிலை குளிருக்கா பஞ்சம். பேரிங்கை 80 டிகிரியிலை அவன் அடுப்புக்குள்ளை வைச்சு எடுங்கோ, அதுக்கு மேலை போனால் சீல் பழுது. கையுறை போட்டு எடுத்து உடனை ஏத்தினால் வழுக்கிக்கொண்டு போய் உக்காரும். அப்பிடியும் தட்டவேண்டி வந்தால் உள்வளையத்திலை மட்டும் குழாய் வைச்சுத் தட்டுங்கோ. வெளிவளையத்திலை விழுற ஒவ்வொரு அடியும் பந்துக்குள்ளாலை போய் ஓடுபாதையிலை பள்ளம் விடும்.

புதுச் சீலின்ரை உதட்டிலை கொஞ்சம் கிறீஸ் பூசுங்கோ. சாஃப்டிலை வெட்டின சாவிவரியோ ஸ்ப்ளைன் பல்லோ அந்த உதட்டை வெட்டாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுத்திப்போட்டு நுழையுங்கோ. மூடியின்ரை ஓ வளையம் தட்டையாப் போயிருந்தால் மாத்துங்கோ. ஸ்ப்ரொக்கெட்டுக்குப் பின்னாலை இருக்கிற ஷிம் தகடுகள் இருந்தபடியே திரும்பப் போகவேணும், கழட்டேக்கையே படம் எடுத்து வையுங்கோ. ஸ்ப்ரொக்கெட் போல்ட், கொட்டர் பின் எல்லாம் கையேட்டு அளவுக்கு டோர்க் ஸ்பனராலை இறுக்கிப் பூட்டுங்கோ. எல்லாம் முடிய ட்ராக் இழுவையும் நேரும் பாக்கவேணும்.

மாலதி தங்கச்சி சொன்ன பிரேக் விசயம் நூற்றுக்கு நூறு. மேல் சாஃப்டிலை டிஸ்க் இருக்கிறபடியால் செயினை மாத்திற உங்கடை முடிவுதான் சரி.

செந்தில் (தண்டர் பே)

சாஃப்டை இறக்கிட்டேன் அண்ணா. நகம் எங்கயும் மாட்டல, நிறமும் மாறல. வழுக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம் போல. பழைய பேரிங்ல சீலைப் பிரிச்சா கிறீஸே இல்ல, வெறும் சிவப்புச் சேறு. பார்ட்ஸ் வியாழக்கிழமை வருது. அந்த ஆலன் ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (ஸ்க்ரூ கழராம பிடிக்கற பசை) போடணுமா?

சட்பரி மில்ரைட்

போடுங்கோ, நீல நிறம். சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்கித்தான் கழட்டவேண்டி வரும். ஸ்க்ரூவை இறுக்கின பிறகு கொலருக்கும் சாஃப்டுக்கும் குறுக்காலை பெயின்ற் மார்க்கராலை ஒரு கோடு போட்டு விடுங்கோ. அடுத்த சீசனிலை பெல்ட் பக்கத்து மூடியைத் திறக்கிற நேரமெல்லாம் குனிஞ்சு அந்தக் கோட்டைப் பாருங்கோ. நேரா இருந்தால் சரி, விலகியிருந்தால் அண்டைக்கு ஓட வேண்டாம்.